எளிமை என்றொரு பாராட்டு

அமெரிக்கத் தென்மாநிலங்களின் 'கன்ட்ரி' பாடகர் ஹாங்க் வில்லியம்ஸுக்கு 2010-ல் புலிட்சர் குழு ஒரு சிறப்புப் பாராட்டு வழங்கியது. 29 வயதில், 1953 ஜனவரி முதல் தேதி, கச்சேரிக்குப் போகும் வழியில் காரின் பின்சீட்டில் இறந்துபோனவர். பாராட்டில் அவருடைய எளிமை குறிப்பிடப்பட்டிருந்தது. சொல்வதற்கு வேறொன்றும் தோன்றாதபோது நாமும் உபயோகிக்கிற வார்த்தைதான்.

1949-ல் அவர் பதிவு செய்த 'ஐ'ம் ஸோ லோன்ஸம் ஐ குட் க்ரை'யைப் பார்க்கலாம். இசைத்தட்டின் மறுபக்கத்தில் வெளிவந்த பாட்டு. நான்கு சரணங்கள், தனியாகப் பல்லவி கிடையாது. இரண்டு பறவைகள், நள்ளிரவு ரயில், மேகம், நிலா, உதிரும் இலை, எரிநட்சத்திரம் - இவ்வளவுதான் சாமான்கள். தனக்கு அழுகை வரும்போலிருக்கிறது என்று முதல் சரணத்தின் கடைசி வரியில் சொல்கிறவர், இரண்டாவதில் அதே இடத்தில் நிலாவை அழவிட்டுவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்கிறார். யாரை நினைத்து இவ்வளவும் என்பது நாலாவது சரணத்தில், பாட்டு முடிய ஒரு வரி இருக்கும்போதுதான் வருகிறது. அதுவரை அந்த ஆளை வெளியே விடாமல் வைத்திருந்ததை எளிமை என்று எப்படிச் சொல்வது? (பகல் முழுவதும் பேரேட்டில் கூட்டிக் கழிக்கிறவன் சொல்கிறேன், கடைசி வரியில் நேராகும் கணக்கு லேசில் அமைவதில்லை.)

உபதேசமும் செய்திருக்கிறார். பேச்சாக நீதி சொல்லும் பதிவுகளுக்கு 'லூக் தி டிரிஃப்டர்' என்று வேறு பெயர். ஜூக்பாக்ஸ்காரர்கள் வில்லியம்ஸ் என்ற பெயரை நம்பி வாங்கி ஏமாறக் கூடாது என்கிற வியாபார ஏற்பாடு. நம் கவிஞர்கள் சிலருக்கும் இப்படி இரண்டாவது பெயர் ஒன்று இருந்தால் தேவலை.

இந்தச் சங்கீதத்தை வெள்ளைக்காரக் கிராமத்தின் பிதுரார்ஜிதமாகவே பேசுவது வழக்கம். ஆனால் அலபாமாவில் சிறுவன் வில்லியம்ஸுக்குக் கற்றுக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பர். தெருவில் வாசித்துப் பிழைத்தவர். 1939-ல் வறுமையில் இறந்தார். அவர் குரல் எந்தத் தட்டிலும் இல்லை. வில்லியம்ஸ் ஒரு உயிரெழுத்தை நீட்டி, நடுவில் உடைத்து மேலே ஏற்றும்போது அதில் பெய்ன் எவ்வளவு என்று இனி யாரும் பிரித்தெடுக்க முடியாது.

1973-ல் கறுப்புப் பாடகர் அல் கிரீன் தம் 'கால் மி' தொகுப்பில் இதே பாட்டைப் பாடினார். வில்லியம்ஸின் பதிவுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் போட்டுக் கேட்பது அதைத்தான்.