வண்டியின் நாடி

காய்ச்சல் என்று போனால் மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்கிறார். நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். எத்தனை நாளாக என்று கேட்கிறார். "முதலில் ஈரலை மாற்றிப் பார்ப்போம்; குணமாகாவிட்டால் நுரையீரலை மாற்றலாம்" என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. சொன்னால் நாம் எழுந்து ஓடிவிடுவோம் அல்லவா? ஆனால் கார் கிளம்பவில்லை என்றால் மட்டும் இத்தகைய வைத்தியத்துக்கு நாம் மறுபேச்சின்றி உடன்படுகிறோம். பாட்டரியை மாற்று, ஆல்டர்னேட்டரை மாற்று, ஸ்டார்ட்டரை மாற்று. மூன்றில் ஒன்று பலிக்காமலா போகும்?

இந்த இடத்தில் ஒரு குறளை எடுத்துக் காட்டாவிட்டால் ஆசிரியர் குழு என்னை மன்னிக்காது. வாசகர்களுக்கு அது மனப்பாடமாகவே இருக்கும், ஆகையால் விட்டுவிடுகிறேன்.

எனக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. ஆராய்ச்சி உதவித்தொகையில் சைக்கிளுக்கே காற்றடிக்க வேண்டியிருக்கிறது. காசியில் எங்கள் மன்றத்துக்கு மூத்தவராகிய ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வீட்டுக் காரைத்தான் பார்க்க நேர்ந்தது. பேராசிரியருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போயாக வேண்டும். வண்டியை ஓட்டுபவர் அவருடைய மனைவி. டிசம்பர் மாத மூடுபனியில் ஐந்தரை மணிக்கு ஆட்டோ கிடைப்பது இங்கே அவரவர் பூர்வ புண்ணியத்தைப் பொறுத்தது. அந்தச் சமயம் பார்த்து வண்டி முனகத் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் அரை மனத்தோடு இரண்டு சுற்றுச் சுற்றும், பிறகு படுத்துவிடும். பட்டறையில் மேலே சொன்ன மூன்றையும் மாற்ற வேண்டும் என்று 21,000 ரூபாய்க்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"தம்பி, நீ இயற்பியல்தானே படிக்கிறாய்? ஒரு தடவை பார்த்துவிடேன்" என்றார் அம்மா.

"பார்க்கிறேன் அம்மா. சாவியை மட்டும் நான் சொல்லும்போது நீங்கள் திருப்புங்கள்" என்றேன்.

கையில் இருந்தது சில நூறு ரூபாய் பெறும் ஒரு மல்டிமீட்டர். முதலில் பாட்டரி. காரின் 12 வோல்ட் பாட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. அறை ஒன்றுக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட். ஆகவே இரவு முழுவதும் ஓய்வாக இருந்த நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய வெறும் பெட்டி. இங்கே 12.5 இருந்தது. குற்றம் சொல்வதற்கில்லை. எஞ்சினை எப்படியோ கிளப்பி மறுபடி அளந்தேன்: 13.9. ஓடும் வண்டியில் பெரும்பாலும் பதின்மூன்றரைக்கும் பதினான்கரைக்கும் இடையில் இருந்தால் ஆல்டர்னேட்டர் தன் கடமையைச் செய்கிறது என்று பொருள். ஆக, ஐந்து நிமிடத்தில் மூவரில் இருவர் மேல் சந்தேகம் பெரிதும் தணிந்தது.

அடுத்த சோதனைதான் முக்கியம். அம்மா சாவியைத் திருப்பும் அந்தச் சில விநாடிகளில் பாட்டரி எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் பாட்டரி நோஞ்சான் என்று கொள்ளலாம். அது 11.5-இலேயே நின்றது! எஞ்சினோ இன்னும் முனகிக்கொண்டிருந்தது. பாட்டரி கொடுக்கத் தயார். ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை. அப்படியானால் வழியில் யாரோ சுங்கம் வசூலிக்கிறார்கள்.

மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றொன்றை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்து மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னேன். இவ்விரண்டும் தடித்த கம்பியால் இணைந்தவை; இடையில் ஐந்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இருக்கலாகாது. மீட்டர் 3 வோல்ட் காட்டியது. கள்வன் அகப்பட்டான்.

ஓம் விதியைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். அது பரீட்சையோடு போய்விட்டதென்று நினைக்கிறோம். ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுக்கும்போது, 0.03 ஓம் என்ற அற்பத் தடையே 3 வோல்ட்டை விழுங்கிவிடும். அந்த அற்பத் தடை எங்கே இருந்தது? எர்த் கம்பி எஞ்சினோடு சேரும் போல்ட்டின் அடியில், பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த களிம்பில். குளிரில் எஞ்சின் எண்ணெய் கெட்டிப்படுகிறது. பாட்டரியின் இரசாயன வேலையும் மந்தமாகிறது. கோடையில் எப்படியோ சமாளித்த இணைப்பு மார்கழியில் கைவிட்டதற்கு அதுவே காரணம். எதிர்முனையைக் கழற்றிவிட்டு, போல்ட்டைத் திருகி எடுத்து, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கினேன். பிறகு அளந்தால் 0.1 வோல்ட். உப்புத்தாள் பத்து ரூபாய்.

பட்டறைக்காரரைத் திட்டி இதை நான் எழுதவில்லை. அரை மணி நேரம் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு அவர் கூலி கேட்டால் நாம் கொடுப்போமா? "சும்மா பார்த்ததற்குக் காசா?" என்போம். ஒரு பொருளை மாற்றினால் மட்டுமே காசு கொடுக்கும் ஊரில், அவர் பொருளை மாற்றத்தானே செய்வார்? நோயறிதலுக்குக் கட்டணம் கொடுக்க நாம் பழகவேண்டும் என்பது என் துணிபு.

நிற்க. வண்டி கிளம்பாதபோது காதையும் கொஞ்சம் பயன்படுத்தலாம். டகடகவென்று தொடர்ந்து கிளிக் ஒலி கேட்டால் மின்னழுத்தம் போதவில்லை. பாட்டரியையோ இணைப்பையோ பாருங்கள். ஒரே ஒரு கிளிக்கோடு மௌனமானால் ஸ்டார்ட்டர் பக்கம் ஐயப்படலாம். வண்டி ஓடும் நாளில் நன்றாக இருந்து, மூன்று நாள் நின்றால் மட்டும் பாட்டரி இறங்குகிறதா? எங்கேயோ ஒரு கசிவு. வண்டியைப் பூட்டி, அதன் கணினிகள் உறங்க அரை மணி விட்டு, எதிர்க்கம்பியோடு தொடராக மீட்டரின் 10 ஆம்பியர் துளையை இணைத்துப் பார்க்கவேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சாதாரணம். அரை ஆம்பியர் ஓடினால் நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி. சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பாட்டரி மூன்றாம் நாள் காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தால் எதை எடுக்கும்போது மீட்டர் தாழ்கிறதோ அந்தக் கிளையில் திருடன் இருக்கிறான். மீட்டர் அப்படி இருக்கையில் மறந்தும் சாவியைத் திருப்பாதீர்கள். மீட்டரின் ஆயுள் அத்தோடு முடியும்.

எஞ்சின் விளக்கு எரிந்தால் குறியீட்டைப் படிக்கும் சிறு கருவிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. குறியீடு நோயின் அறிகுறியைச் சொல்கிறதே ஒழிய எந்த உறுப்பை மாற்றுவது என்று சொல்வதில்லை. பி0171 என்றால் கலவையில் காற்று மிகுந்திருக்கிறது, அவ்வளவே. அதற்காக ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவோர் பலர். விரிந்த ஒரு ரப்பர்க் குழாய் வழியே காற்று புகுந்துகொண்டிருக்கும். பி0302 என்பது இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பது. அதன் இக்னிஷன் காயிலையும் மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில் குற்றவாளி. மாறாவிட்டால் அதை விட்டுவிட்டுப் பிளக்கைப் பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று நமக்குச் சொல்லித் தருகிறார்களே, அதேதான்.

சிலவற்றில் கை வைக்கவேண்டாம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக்கூடாது. பிரேக்கில் கசிவு கண்டால் வண்டியை ஓட்டவே கூடாது. பாட்டரி அருகில் தீக்குச்சியும் மோதிரமும் ஆகா.

மீட்டர் இப்போது மன்ற அறையில், கேரம் பலகைக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. எடுத்துச் செல்பவர்கள் பேரேட்டில் கையெழுத்திடவும். அதற்கும் 9 வோல்ட் பாட்டரி ஒன்று வேண்டும். அது அவரவர் செலவு.