கரியாலூர் மலையும் நம் வீட்டுப் பூச்செடியும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறிப் பாருங்கள். கோமுகி அணையைக் கடந்ததும் சாலை வளைந்து வளைந்து உயர்கிறது. மலையாளிப் பழங்குடி மக்களின் மரவள்ளிக் கொல்லைகளைக் கண்டவாறே, வெள்ளிமலைப் பகுதியிலுள்ள கரியாலூரை அடைகிறோம்.

வழியோரப் புதர்களில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த சிறுசிறு பூங்கொத்துகள் கண்ணைப் பறிக்கும். “ஒரு கிளையை ஒடித்துச் சென்று வீட்டில் நட்டால் என்ன?” என்று உள்ளம் விழையும். சற்றுப் பொறுங்கள். அதுதான் உண்ணிச்செடி. அமெரிக்க வெப்ப நாடுகளுக்குரிய இச்செடி, 1809-ஆம் ஆண்டில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்திற்கு அழகுக்காகவே கொண்டுவரப்பட்டது. இன்றோ, இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அது பரவிவிட்டதாக 2020-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அது அடர்ந்த இடத்தில் மேய்ச்சல் புல் அருகிவிடும். அதன் இலையைத் தின்னும் மாட்டுக்கு ஈரல் கெடும். மாட்டை நம்பி வாழும் மலைக் குடும்பத்திற்கு இது எத்தகைய இழப்பு!

இதைப் பரப்பியவை பறவைகள். கருநிறப் பழத்தைத் தின்று, விதையைத் தொலைவில் எச்சமிடுகின்றன. நட்ட மரத்திலிருந்து பறவை உண்டாலும் நட்டவருக்கு அது ஸதக்காவாகும் என்ற நபிமொழியின் கருத்தை நாம் அறிவோம். அந்த நன்மையை நாடுவோர், பறவை எதை எடுத்துச் செல்கிறது என்றும் எண்ண வேண்டாமா? நாற்றுப் பண்ணைகளில் உண்ணியின் குட்டை வகைகள் அழகுத் தொட்டிகளில் இன்றும் விற்கப்படுகின்றன என்பதை மறவாதீர்கள்.

மாற்று நம் மண்ணிலேயே இருக்கிறது. இட்லிப்பூ என நாம் அழைக்கும் வெட்சி, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. சங்கத் தமிழர் போர்த் திணை ஒன்றுக்கே இதன் பெயரைச் சூட்டினர். இதன் பழத்தையும் பறவைகள் உண்ணும். அதனால் காட்டுக்குக் கேடில்லை.

மழைக்காலத்தில், பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை அரையடி நீளத்திற்கு வெட்டி நடுங்கள். வேர்விட்டதும், செம்மண், மணல், மக்கிய சாணம் கலந்த ஓரடி அகலத் தொட்டிக்கு மாற்றுங்கள். நாள்தோறும் நான்கு மணி நேரமாவது வெயில் படட்டும். வேரில் நீர் தேங்கலாகாது. சுண்ணாம்பு இதற்கு ஆகாது. சிமெண்டுச் சுவரை ஒட்டி வைத்தால், நரம்பு மட்டும் பச்சையாக நின்று இலை மஞ்சளாகும். அப்போது மக்கிய எருவிட்டு, இடம் மாற்றி வையுங்கள். பூக்கள் உதிர்ந்தபின் நுனிகளைச் சிறிது கிள்ளிவிட்டால், செடி அடக்கமாகப் பக்கக் கிளைகள் விட்டு, இன்ஷா அல்லாஹ், மீண்டும் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும்.

கரியாலூரிலிருந்து திரும்பும்போது அம்மலையின் நினைவை மட்டும் கொண்டு வாருங்கள். வாசலில் நடுவதற்கு வெட்சி போதும்.