மாவுப்பனியைத் தேடி

பனி என்றால் என்ன என்று 21 வயதுவரை என்னிடம் யாராவது கேட்டிருந்தால், தமிழ்ப்பள்ளியில் படித்த மார்கழிப் பனியைத்தான் சொல்லியிருப்பேன். அது புல் நுனியில் நிற்கும். வெயில் ஏறினால் மறைந்துவிடும். கெடா மாநிலத்தின் பாடாங் செராயில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் பனியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. உறைந்த தண்ணீர் என்றால் எங்களுக்கு அது ஐஸ் கச்சாங்தான்.

அப்படிப்பட்ட நான், ஒரு குளிர்காலம் முழுவதும் நல்ல பனியைத் தேடி மலை மலையாக அலைந்தேன் என்றால் நம்புவீர்களா? அந்த அலைச்சலில் ஒருநாள், இதுவரை வீட்டில் சொல்லாத ஒன்றும் நடந்தது. அதையும் மறைக்காமல் இங்கு எழுதுகிறேன்.

2024 அக்டோபரில் மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் வழி, ஓராண்டு இயற்பியல் படிக்க ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்திற்குச் சென்றேன். அது சப்போரோ நகரில் உள்ளது. ஏறக்குறைய 20 லட்சம் மக்கள் வாழும் அந்நகரில் ஒரு குளிர்காலத்தில் விழும் பனியைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 5 மீட்டர் வரும். நம் ஊரில் அப்படி விழுந்தால் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிடுவார்கள். அங்கோ பேருந்து நேரத்திற்கு வருகிறது. விரிவுரையாளர் நேரத்திற்கு முன்பே வந்துவிடுகிறார்!

விடுதியில் பினாங்கைச் சேர்ந்த சீன அண்ணன் ஒருவர் இருந்தார். முதுகலை மாணவர், ஐந்து குளிர்காலம் கண்டவர். டிசம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, "சும்மா வந்து பார்" என்று மலாயில் சொல்லி என்னைத் தெய்னே மலைக்கு அழைத்துச் சென்றார். நகரிலிருந்து ரயிலேறி, பிறகு ஒரு பேருந்து ஏறினால் மலை வந்துவிடும். 1,023 மீட்டர் உயரம். 1972-ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்கின் சில பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்த இடம். மேலிருந்து பார்த்தால் கடல் தெரியும். வெள்ளை மலையில் நின்றுகொண்டு நீலக் கடலைப் பார்ப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

ஆனால், அன்று கடலைப் பார்த்த நேரத்தைவிடத் தரையைப் பார்த்த நேரம்தான் அதிகம். வாடகைக் காலணி ஆளுக்கு இரண்டு கிலோ இருக்கும் போலிருந்தது. எழுவேன், நான்கு அடி சறுக்குவேன், விழுவேன். பாலர்பள்ளி வயதுச் சிறுவன் ஒருவன் கையில் கோலும் இல்லாமல் என்னைக் கடந்து போனான். போகிற போக்கில் ஏதோ சொன்னான். "தைரியமாக இரு என்கிறான்" என்று அண்ணன் மொழிபெயர்த்தார். வெட்கமாக இருந்தது. அடுத்த வாரமும் போனேன். மூன்றாவது வாரம் திரும்பக் கற்றுக்கொண்டேன், நிற்கவும் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு என்னைப் பிடித்து வைக்க முடியவில்லை.

பனிச்சறுக்கு ஆடுபவர்களுக்கு எல்லாப் பனியும் ஒன்றல்ல என்பதை நான் சீக்கிரமே புரிந்துகொண்டேன். அம்மா புட்டுக்கு மாவு பிசிறும்போது ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார்ப்பார். பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். பனிக்கும் அந்தச் சோதனை உண்டு. ஈரப்பனி கையில் உருண்டையாகும்; அதில் சறுக்கினால் கால் கனக்கும். பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்த பனி, சிமெண்டுத் தரை மாதிரி. விழுந்தால் மறுநாள் உட்கார முடியாது. நல்ல பனியோ கையில் பிடிபடவே பிடிபடாது. காய்ந்த பச்சரிசி மாவுபோல் விரலிடுக்கில் ஓடிவிடும். முழங்கால் ஆழத்தில் அது கிடக்கும்போது சறுக்கினால் சத்தமே இருக்காது. மிதப்பது போலிருக்கும். அதற்கு நான் வைத்த பெயர் மாவுப்பனி.

இந்த மாவுப்பனி ஹொக்கைடோவில் ஏன் இவ்வளவு விழுகிறது? குளிர்காலத்தில் சைபீரியாவின் மேல் கடுங்குளிரான, வறண்ட காற்று தேங்குகிறது. அது ஜப்பான் கடலைக் கடந்து வீசும்போது, தன்னைவிட வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. மலையில் மோதி மேலே ஏறியதும் அந்த ஈரத்தைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அதே சைபீரியக் குளிர்காற்றின் ஒரு கிளைதான் தெற்கே வந்து, தென்சீனக் கடலின் ஈரத்தை வாங்கிக்கொண்டு, வடகிழக்குப் பருவமழையாகக் கிளந்தானிலும் திரங்கானுவிலும் கொட்டுகிறது. 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த வெள்ளத்தை நாம் மறக்க முடியுமா? அங்கே நான் சறுக்கி விளையாடியதும், இங்கே நம் மக்கள் வீட்டை விட்டு ஓடியதும் ஒரே காற்றின் இரண்டு முகங்கள்.

எங்கள் பல்கலைக்கழக வளாகத்திலேயே ஓர் அறுகோணக் கல் நிற்கிறது. உலகில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகம் உருவான இடம் அது. நக்காயா உக்கிச்சிரோ என்ற இயற்பியலாளர் 1936-இல் குளிரறை ஒன்றில், ஒரு முயல் முடியின் மேல் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஈரத்தில் என்ன வடிவம் பிறக்கும் என்று அவர் கண்டறிந்தார். கீழே விழும் படிகத்தைப் பார்த்தே மேகத்தின் நிலையைச் சொல்லிவிடலாம். அந்தக் கல்லைத் தாண்டித்தான் தினமும் வகுப்புக்குப் போனேன். பனி விழும் நாள்களில் கையுறையின் மேல் விழுந்த படிகத்தை நின்று பார்ப்பேன். வகுப்புக்குத் தாமதமாகும்.

ஜனவரியில் பைத்தியம் முற்றியது. இரவு படுக்கும் முன் காற்றின் திசை, மலையுச்சியின் வெப்பநிலை, எதிர்பார்க்கும் பனியளவு என்று கைப்பேசியில் பார்ப்பேன். பழைய பொருள் கடையில் சறுக்குக் கட்டைகள் வாங்கினேன். சப்போரோ கொக்குசாய்க்குப் போனேன். உள்நாட்டுப் பகுதியில் இருப்பதால் இன்னும் குளிரான, இன்னும் உலர்ந்த பனி விழும் புரானோவுக்குப் போனேன். ஹொக்கைடோவின் மிக உயர்ந்த சிகரமான 2,291 மீட்டர் அசாஹிடாக்கே மலைக்கும் போனேன். அன்று பலத்த காற்று. மேலே செல்லும் ரோப்வே ஓடவில்லை. நாள் முழுதும் காத்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

இதற்கெல்லாம் பணம்? இங்கேதான் என் குற்றம் தொடங்குகிறது. அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்பவர். நான் புறப்படும்போது, சீட்டுக் கட்டி எடுத்த 3,000 வெள்ளியைக் கொடுத்து, "குளிருக்கு நல்ல துணியா வாங்கிக்க மா. மிச்சத்த அவசரத்துக்கு வச்சுக்க" என்றார். துணி வாங்கினேன். மிச்சம் மலையில் கரைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அழைப்பார்.

"சாப்பிட்டியா? எங்க இருக்க?"

"லைப்ரரில இருக்கேன் மா."

சொல்லும்போது பேருந்தின் கண்ணாடிக்கு வெளியே மலை ஓடிக்கொண்டிருக்கும்.

2025 பிப்ரவரியின் கடைசி வாரம். நிசெக்கோவில் இரவு முழுதும் பனி கொட்டப்போகிறது என்று முன்னறிவிப்பு. உலகம் முழுவதிலிருந்தும் மாவுப்பனிக்காக மக்கள் வரும் இடம் அது. ஒரே மலையில் நான்கு சறுக்குத் தளங்கள். எதிரே 1,898 மீட்டர் யோத்தெய் எரிமலை. ஒரு நாள் சீட்டே 10,000 யென்னுக்கும் மேல், நம் பணத்தில் ஏறக்குறைய 300 வெள்ளி. என்னிடம் மீதமிருந்ததில் பெரும்பகுதி அது. அண்ணனின் காரில் இருட்டோடு புறப்பட்டோம்.

நிசெக்கோவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தளத்திற்கு வெளியே உள்ள சரிவுகளுக்கு வாயில்கள் வைத்திருக்கிறார்கள். பனிச்சரிவு ஆபத்து, காற்று, பார்வைத் தெளிவு ஆகியவற்றைப் பார்த்து வாயிலைத் திறப்பார்கள், அல்லது மூடுவார்கள். மூடியிருக்கும்போது கயிற்றைத் தாண்டிப் போகக்கூடாது. அன்று காலை வாயில் மூடியிருந்தது. கயிற்றுக்கு அப்பால் ஒரு தடம்கூட இல்லாத வெள்ளைச் சரிவு. அரை மணி நேரம் நின்றோம்.

"300 வெள்ளி கொடுத்து வேடிக்கை பார்க்கவா வந்தோம்?" என்றேன்.

"சாபார்-லா" என்றார் அண்ணன். பொறுமை. பிறகு, கீழே இறங்கும்போது வழக்கமான தன் விதியையும் சொன்னார். "நீ முன்னால் போ. நான் பின்னால் வருகிறேன். என் கண்ணை விட்டு மறையாதே."

என்னைச் சின்னப்பிள்ளையாக நடத்துகிறார் என்று எனக்குக் கோபம். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. தடத்தின் ஓரத்தில் ஊசியிலை மரங்களுக்கு இடையே தொடப்படாத மாவுப்பனி தெரிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே திரும்பினேன். பத்து மீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன்.

ஊசியிலை மரத்தின் தாழ்ந்த கிளைகள் குடைபோல் பனியைத் தடுப்பதால், அடிமரத்தைச் சுற்றி உள்ளே இறுகாத பள்ளம் ஒன்று இருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. என் கட்டை கிளையில் தட்டியது. தலைகீழாக உள்ளே போனேன். கட்டைகள் மேலே கிளையில் மாட்டிக்கொண்டன. வாயில் பனி, மூக்கில் பனி. கையை உதறினேன், கிளையிலிருந்து இன்னும் பனி சரிந்தது. கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. எந்தச் சத்தமும் போடாத பனியைத்தானே நான் தேடி அலைந்தேன்?

அண்ணன் முன்பு ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. விழுந்தால் திமிறாதே, முகத்துக்கு முன் கையை வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்கு. ஒரு கையை எப்படியோ முகத்திடம் கொண்டுவந்தேன். அப்போது நினைத்ததெல்லாம் ஒன்றுதான். அம்மா நான் நூலகத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எத்தனை நிமிடம் என்று தெரியாது. அண்ணன் இரண்டு, மூன்று என்கிறார். எனக்கு அது ஒரு பள்ளித் தவணை. பக்கவாட்டிலிருந்து பனி தோண்டும் சத்தம் கேட்டது; பிறகு வெளிச்சம்; பிறகு அண்ணனின் கையுறை என் வாயிலிருந்து பனியை வழித்தது. பின்னால் வந்ததால்தான் அவர் நான் திரும்பிய இடத்தைப் பார்த்திருக்கிறார். முன்னால் போயிருந்தால், இந்தப் பனியில் மேலே ஏறி வந்து தேட அவருக்கு அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். அவர் திட்டவில்லை. அவருடைய கை நடுங்கியதைப் பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நண்பகலில் வாயில் திறந்தது. வரிசை வரிசையாக மக்கள் போனார்கள். நாங்கள் கீழே உணவகத்தில், சூடான சோள சூப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தக் குளிர்காலத்தின் மிகச் சிறந்த பனி எங்கள் கண்ணெதிரிலேயே தீர்ந்துபோனது. கவலையாக இல்லை.

அதன் பிறகு பனிச்சறுக்கை விட்டுவிட்டேனா? இல்லை. மார்ச் மாதம் மீண்டும் தெய்னேவுக்குப் போனேன். வசந்தகால ஈரப்பனி, அம்மாவின் புட்டு மாவு. முதன்முறையாக வந்த இந்தோனேசிய மாணவி ஒருத்திக்கு எழவும் நிற்கவும் கற்றுக்கொடுத்தேன். அவள் முன்னால் போனாள். நான் பின்னால் போனேன். நல்ல பனியைத் துரத்திய நாள்களில் எனக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நான் பார்த்ததே இல்லை. அன்று முழுவதும் அவளுடைய சிவப்புத் தொப்பியைவிட்டு என் கண் அகலவில்லை.

படிக்கவும் வேலைக்கும் வெளிநாடு போகும் தம்பி தங்கைகளே, போங்கள், புதியதை விரும்புங்கள். ஆனால் எங்கே இருக்கிறீர்கள் என்பதை யாராவது ஒருவரிடமாவது உண்மையாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை வாயெடுத்தேன். முடியவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர் அவர். மளிகைச் சாமான் சுற்றி வரும் தாளில் தமிழ் இருந்தால்கூட விரித்துப் படித்துவிடுவார். என் பெயர் அச்சாகி வரும் இந்த மலரை விடுவாரா?

அம்மா, அன்று நான் நூலகத்தில் இல்லை. அந்த 3,000 வெள்ளியை வேலை கிடைத்ததும் திருப்பித் தருகிறேன். திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன்.