தேயிலை மலையில் ஒரு ராத்திரி

தாப்பா டோல் சாவடியைத் தாண்டியதும் அம்மா மூன்றாவது முறையாகக் கேட்டார்: “ஹோட்டல் போட்டிருக்கியா, இல்லையா?”

“இந்த வேன்தாம்மா ஹோட்டல்” என்றேன்.

பின்னால் திரும்பிப் பார்த்தார். ஒரு மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு, கை கழுவ ஒரு சின்னத் தொட்டி. “லயத்து வீடு இதைவிடப் பெருசுடா” என்றார்.

அம்மாவுக்கு 71 வயது. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் குடும்பத்தோடு கிள்ளானுக்கு இறங்கி வந்தவர், அதன் பிறகு அங்கே ஓர் இரவும் தங்கியதில்லை. எத்தனையோ முறை போயிருக்கிறோம். ஸ்ட்ராபெரி வாங்குவோம், தேநீர் குடிப்போம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவோம். “ராத்திரிப் பனியை ஒரு தடவை பார்க்கணும்” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்காகத்தான் இந்த கேம்பர் வேனை இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்தேன்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர். முழுக்க வளைவுதான். லாத்தா இஸ்கந்தர் நீர்வீழ்ச்சியில் நிறுத்தி, கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். அதற்கு மேலே பேராக் முடிந்து பகாங் தொடங்குகிறது. காற்றும் மாறுகிறது. ஏர்கண்டை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினோம்.

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியைப் பற்றிக் குறித்துவைத்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. ஆனால் தாப்பாவிலிருந்து சாலை வந்து சேர 1930களின் தொடக்கம் ஆகிவிட்டது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். நம் நாட்டின் முதல் மலைத் தேயிலைத் தோட்டம் அது. அடுத்தடுத்து வேறு தோட்டங்களும் வந்தன. செங்குத்தான சரிவில் காட்டை வெட்டி, வரிசை பிடித்துக் கன்று நட்ட கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். இன்று படம் எடுக்கிற அந்தப் பச்சைக் கம்பளம் அப்படி வந்ததுதான்.

ரிங்லெட்டைத் தாண்டி ஒரு தோட்டத்துச் சாலையில் திரும்பியபோது மணி ஆறு. தாத்தா வேலை செய்த தோட்டம் அதுவல்ல. ஆனாலும் அதே சரிவு, அதே வாசம் என்றார் அம்மா. சாலை அகன்ற ஓரிடத்தில் வேனை ஒதுக்கினேன். கீழே வரிசை வரிசையாகத் தேயிலை, எதிர்மலையில் இறங்கும் பனி. வலையொளியில் காட்டுகிறார்களே, அதே காட்சி. கதவைத் திறந்து வைத்து, நாற்காலியைப் போட்டு, தேநீர் வைத்தேன்.

பாதிக் கோப்பை குடிப்பதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தோட்டத்துக் காவலர், நேப்பாள இளைஞர். தடுமாறும் மலாயில் மரியாதையாகத்தான் சொன்னார்: “இது தனியார் நிலம். இங்கே தூங்கக் கூடாது.”

அவர் சொன்னது சரி. சாலை திறந்துகிடப்பதாலேயே அது பொதுச் சாலை ஆகிவிடாது. தப்பு என்னுடையது. மன்னிப்புக் கேட்டு நாற்காலியை மடக்கினேன். அம்மா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“தாத்தாகிட்டயும் இப்படித்தான்டா சொன்னாங்க” என்றார்.

அந்தக் கதையை அவர் முழுசாகச் சொன்னதே இல்லை. தாத்தா 31 வருஷம் அதே தோட்டத்தில் இருந்தவர். கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். பாட்டி கொழுந்து எடுத்தார். ஐந்து பிள்ளைகளும் ஒரே லயத்து வீட்டில் பிறந்தார்கள். வயதாகி வேலை நின்றது. வீடு வேலையோடு ஒட்டியது. வேலை இல்லையென்றால் வீடும் இல்லை. நாள் குறித்துக் கொடுத்தார்கள். தாத்தா வைத்த பலா மரம் அந்த வருஷம்தான் முதல் காய் விட்டிருந்ததாம்.

இது ஒரு தோட்டத்தின் கதை இல்லை. ரப்பரோ தேயிலையோ, தோட்டத்தில் பிறந்த குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒரு கதை இருக்கும். தேயிலைச் செடி நூறு வருஷம்கூட வாழும். கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் வைத்தால் தளிர்த்துக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத்தான் அந்த மண்ணில் ஓரடி நிலமும் சொந்தமில்லாமல் போனது.

அம்மா எழுந்து போய்க் காவலருக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஊர் எது என்று கேட்டார். இலாம் என்றார். அங்கேயும் மலை, அங்கேயும் தேயிலையாம். இங்கே எங்கே தங்கியிருக்கிறாய் என்றதற்கு, கீழே தெரிந்த லயத்தைக் காட்டினார். “ஒப்பந்தம் முடிஞ்சா?” என்று கேட்டார் அம்மா.

அவர் சிரித்தார். “பாலேக் லா, மக்சிக்.” திரும்பிப் போக வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு அவராகவே கைப்பேசியில் யாரையோ அழைத்தார். பத்து நிமிடத்தில் ஒரு பழைய லேண்ட்ரோவர் வந்தது. இறங்கியவர் தமிழர், மண்டோர். அம்மாவைப் பார்த்ததும், “அக்கா எந்தத் தோட்டத்துப் பிள்ளை?” என்றார். பெயரைச் சொன்னதும் இரண்டு பேரும் கால் மணி நேரம் யார் யார் இருக்கிறார்கள், யார் யார் போய்விட்டார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள்.

அவர் முடிவு இதுதான்: “தம்பி, இந்த ஓரத்துல போடாதீங்க. மழை பெஞ்சா மண்ணு சரியும். ஆத்தங்கரைப் பக்கமும் போகாதீங்க. நான் பெரிய கிராணிகிட்டக் கேட்டுட்டேன். மாரியம்மன் கோயில் திடல்ல போட்டுக்குங்க. ஒரு ராத்திரி மட்டும். காலையில ஏழரைக்குள்ள எடுத்துடணும், லாரி வரும்.”

ஆற்றங்கரை எச்சரிக்கை வெறும் பேச்சில்லை. 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைப் பறித்தது. மலையில் வேன் போட நினைப்பவர்கள் அழகான இடத்தைத் தேடுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: நிலம் யாருடையது? மேலே மண், கீழே தண்ணீர் எப்படி? பதில் தெரியாவிட்டால் கட்டணம் கட்டி முகாம் தளத்தில் தங்குவதே நல்லது.

ராத்திரி பத்து மணிக்குக் கைப்பேசி 16 பாகை காட்டியது. கேமரன் குளிர் ஊசி மாதிரி இல்லை. ஈரத்துணி போர்த்தியது மாதிரி. குளிருக்குப் பயந்து கண்ணாடியை முழுக்க மூடிவிட்டால் மூச்சுக்காற்றே உள்ளே தண்ணீராய் வடியும். இரண்டு பக்கமும் விரலளவு திறந்து வைத்தேன். அடுப்பை மூட்டிக் குளிர் காயலாமா என்று அம்மா கேட்டார், கூடாது என்றேன். மூடிய வேனுக்குள் அடுப்பு எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

பதினொரு மணி வாக்கில் பனி வந்தது. முதலில் லயத்து விளக்குகள் மங்கின. பிறகு கோயில் மணிக்கூண்டு மறைந்தது. கடைசியில் வேனின் முகப்பும் தெரியவில்லை. அம்மா கம்பளியோடு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. எப்போது படுத்தார் என்று எனக்குத் தெரியாது.

காலை ஆறரைக்கும் இருட்டுதான். குரல்கள் கேட்டு எழுந்தேன். பெரட்டுக்குப் போகிறவர்கள்: வங்காளதேசத்து இளைஞர்கள், இந்தோனேசியர்கள், இரண்டு மூன்று தமிழர்கள். தோளில் வெட்டும் இயந்திரம். “நாங்க ரெண்டு இலையும் ஒரு மொட்டுமா விரலால கிள்ளுவோம்” என்றார் அம்மா. குறையாகச் சொல்லவில்லை. அந்த நடையை மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்தார். நடை மாறவில்லையாம்.

ஏழு மணிக்குப் பொருள்களை அடுக்கி முடித்தேன். அம்மாவைக் காணோம். கோயில் பக்கம் கிடந்த ஈர்க்குச்சித் துடைப்பத்தை எடுத்து, வேன் நின்ற இடத்தைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒரு தாளும் போடவில்லை. காய்ந்த இலைகள்தான் கிடந்தன.

“எதுக்கும்மா?”

“காலி பண்ணிட்டுப் போன அன்னிக்கு அப்பாவும் பெருக்கினாரு. சாவியைக் குடுத்துட்டு, மறுபடியும் உள்ள போயி ஒரு தடவை பெருக்கினாரு. அடுத்து வர்றவங்க ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு.”

துடைப்பத்தை எடுத்த இடத்திலேயே வைத்தார். சாலை முனையில் காவலர் கையசைத்தார். ஏழு இருபதுக்கு வேனை எடுத்தோம். லாரி இன்னும் வரவில்லை.