உறையாக் குருதியும் ஓங்கிய மலையும்

மலையேறுவோர் என்றதும், வலிய தேகமும் நோயற்ற வாழ்வும் உடையவர்களையே நாம் மனத்தில் எண்ணிக்கொள்கின்றோம். நோயாளி அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியவன் என்பது நம்மவர் பலரின் முடிபு. அம்முடிபைப் பொய்ப்பித்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் கொலறாடோ மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ் பொம்பாடியர். பிறவியிலேயே கடுமையான குருதியுறையாமை நோய் உடைய அவர், 2017ஆம் ஆண்டு மே மாதம் 22ஆந் திகதி, 8,849 மீற்றர் உயரமான எவரெஸ்ற் சிகரத்தின்மீது நின்றார். அந்நோயுடையோருள் அச்சிகரத்தை முதன்முதல் அடைந்தவர் அவரே. 2011இல் ஆபிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலையில் தொடங்கியவர், 2018 சனவரியில் அந்தாட்டிக்காவின் வின்சன் மலையோடு ஏழு கண்டங்களின் உச்சிகளையும் ஏறி முடித்தார்.

இச்செய்தி எமக்கு வெறும் பத்திரிகைப் புதினம் அன்று. எமது குடும்பத்திலும் அந்நோய் உண்டு.

குருதியுறையாமை நோயைப் பற்றித் தவறான எண்ணங்கள் பல உள. சிறு கீறல் பட்டாலே குருதி ஆறாய்ப் பெருகும் என்பர். அஃது உண்மையன்று. இந்நோயாளியின் குருதி பிறர் குருதியைக் காட்டிலும் வேகமாக ஓடுவதில்லை; நெடுநேரம் நில்லாது கசியும், அவ்வளவே. பெரும்பகை வெளிக்காயம் அன்று, உட்கசிவே. முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளுள் குருதி கசிந்து தேங்கி, நாளடைவில் மூட்டையே அரித்துவிடும். குருதியை உறையச் செய்யும் காரணிகளுள் எட்டாவது குறைந்தால் அது முதல் வகை. ஒன்பதாவது குறைந்தால் இரண்டாம் வகை. இவ்விரண்டாம் வகைக்கு, 1952இல் ஆராயப்பட்ட ஸ்ரீபன் கிறிஸ்மஸ் என்னும் சிறுவனின் பெயரால் கிறிஸ்மஸ் நோய் என்றும் பெயருண்டு. பொம்பாடியருக்கு வாய்த்தது அதுவே.

நோய் பெரும்பாலும் தாய்வழியே வந்து ஆண்மக்களைப் பற்றுவது. எம் அன்னையாரின் தம்பி, நாம் கண்ணாற் காணாத அம்மான், 1964இல் தமது பதினோராம் வயதில், பல் பிடுங்கிய இடத்திலே குருதி நில்லாது வடிந்து இறந்தார். நாவூறு என்றார் சிலர். முன்வினை என்றார் வேறு சிலர். நோயின் பெயரைச் சொல்ல ஊரில் ஒருவரும் இருக்கவில்லை. அதே 1964இலேதான் அமெரிக்காவில் ஜூடித் பூல் என்னும் அம்மையார், உறையவைத்த குருதிநீரிலிருந்து எட்டாம் காரணியைச் செறிவாகப் பிரித்தெடுக்கும் எளிய முறையை வெளியிட்டார். அம்மானுக்கு அது எட்டவில்லை. நோயோ எம்மைத் தீண்டாது விட்டு, எம் தமக்கையின் வழியே அவர் மகனைப் பற்றியது. அவனுக்குள்ளது முதல் வகை.

எமது கல்லூரியிலேயே பயிலும் அவன், பதினாறாம் வயதில் ஒருநாள் எம்மிடம் வந்து, "மாமா, பெடியள் எல்லாரும் சிவனொளிபாதத்துக்குப் போகினம். நானும் வரலாமோ?" என்றான். அதைக் கேட்ட தமக்கையார், "இவனை மலையில ஏத்திப்போட்டு நான் வீட்டில எப்பிடித் தம்பி இருக்கிறது?" என்று கண்கலங்கினார். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. மூவருமாக வைத்தியரிடம் சென்றோம்.

வைத்தியர் மறுக்கவில்லை, உடனே சம்மதிக்கவுமில்லை. "நான்கு மாதம் தாருங்கள்" என்றார். மூட்டுக்குக் கவசம் அதனைச் சுற்றியுள்ள தசையே. அத்தசை தளர்ந்தவனுக்கே கசிவு அடிக்கடி நேரும். ஆதலின் ஓடியாடாது மூலையில் இருத்தல் இந்நோய்க்குக் காப்பாகாது. குத்துச்சண்டை போன்ற மோதல் விளையாட்டுக்கள் ஆகா; நீச்சலும் நடையும் நன்று. எம் மருமகன் நான்கு மாதமும் நீந்தினான். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் உரிய பயிற்சிகளை ஒருநாளும் தவறவிடவில்லை. தன் நாளத்தில் தானே ஊசி ஏற்றவும் பழகிக்கொண்டான்.

ஏற்றிய எட்டாம் காரணி ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்தியாலத்துள் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே எமது பயணம் மருந்தின் கணக்கைத் தழுவியே அமைந்தது. நள்ளிரவு நெரிசலில் ஏறாது, நல்லதண்ணியில் விடியுமுன் ஊசி ஏற்றிக்கொண்டு, வெளிச்சத்தோடு புறப்பட்டோம். குளிர்ப்பெட்டியில் இன்னொரு வேளை மருந்து எம் தோளில் இருந்தது. சிவனொளிபாதம் 2,243 மீற்றர் உயரமே. எவரெஸ்ற்றின் முன் அது ஒரு மேடு. எனினும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் பழுதுற்ற கணுக்காலுக்குச் சிறியன அல்ல.

அவன் உச்சியை அடைந்தான்; மணியை அடித்தான். ஆயினும் நாம் பெருமைப்பட்டது அதனால் அன்று. இறங்கும்போதே உடலின் பாரம் முழுவதும் மூட்டில் விழும். பாதி வழியில் அவன் நின்றான். "மாமா, இடது கணுக்காலுக்குள்ள இளஞ்சூடாக் கிடக்கு" என்றான். வீக்கமில்லை, நோவுமில்லை. உட்கசிவின் முதல் அறிகுறி அத்தகையதே. தோழர் முன்னிலையில் வெட்கத்தால் அதை மறைத்திருந்தால் ஒரு கிழமை படுக்கையில் கிடந்திருப்பான். படியோரத்தில் அமர்ந்து அவனே மருந்தை ஏற்றினான். பின்னர் இரு மாணவர் தோள் கொடுக்க, மெல்ல இறங்கினோம். மூன்று மணித்தியாலம் தாமதம். இரண்டு நாள் ஓய்வோடு கால் தேறிற்று.

பொம்பாடியரும் எவரெஸ்ற் மலையிலே தம் நாளத்தில் தாமே மருந்தை ஏற்றிக்கொண்டவர். அவர் மலைக்குச் செல்லுமுன் நேபாளத்தில் அந்நோயுடைய இளைஞர்களைச் சந்தித்தார். அவர்களிற் பலருக்குப் போதிய மருந்து கிடையாது. தக்க பருவத்திற் பெற்றிருந்தால் காத்திருக்கக்கூடிய மூட்டுகள் முடங்கிப்போயிருந்தன. இந்த ஏற்றத்தாழ்வை உலகுக்கு உணர்த்துவதும் அவர் பயணத்தின் நோக்கமாயிற்று. அவ்விளைஞர்கள் துணிவிற் குறைந்தவர்கள் அல்லர். அவருக்குக் கிடைத்த சிறு மருந்துக் குப்பி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எம் மருமகனுக்கு அரசாங்க வைத்தியசாலையில் அம்மருந்து காசின்றிக் கிடைக்கின்றது. அம்மானை நினைக்கும்போது அதன் அருமை எமக்கு விளங்குகின்றது.

ஆகவே பெற்றோருக்கும் மாணவருக்கும் ஒரு வார்த்தை. வீட்டிலே ஆண்பிள்ளைக்குக் காரணமின்றி மூட்டு வீங்கினாலோ, பல் விழுந்த இடத்திற் குருதி நில்லாவிட்டாலோ, நாவூறு கழித்து நாளைப் போக்காதீர்கள்; குருதியைச் சோதிப்பியுங்கள். நோய் உண்டெனத் தெரிந்தால் பாடசாலைக்கு ஒளியாதீர்கள். நோவுக்கு அஸ்பிரின் கொடாதீர்கள். அது கசிவை மிகுவிக்கும். அத்தகைய மாணவன் வகுப்பில் இருந்தால், ஆசிரியர்கள் அவனை வேப்பமர நிழலில் இருத்திவிடாது, வைத்தியரைக் கேட்டு அவனுக்கேற்ற விளையாட்டைக் கொடுங்கள். எம் மருமகன் அடுத்த பருவத்துக்கு இப்போதே நீந்தத் தொடங்கிவிட்டான். குளிர்ப்பெட்டியைக் கழுவி வெயிலிற் காயவைத்தவர் தமக்கையாரே.