நண்டுத் தீவில் ஒரு பகல்

காப்பாரில் இருப்பவர்களுக்குக் கடல் ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் கடல் பார்க்க வேண்டுமென்றால் மோரிப்புக்கோ போர்ட் டிக்சனுக்கோதான் காரைத் திருப்புகிறோம். நமக்கு எதிரிலேயே இருக்கும் தீவுகளை எட்டிப் பார்ப்பதில்லை. காலையில் போய் மாலையில் வீடு திரும்பிவிடக்கூடிய ஒரு தீவு அவற்றில் உண்டு. பெயர் புலாவ் கெத்தாம். மலாயில் கெத்தாம் என்றால் நண்டு.

எழுபது வயதைத் தாண்டிய என் அப்பா அந்தத் தீவைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி. தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்பது துணி துவைக்கவும் கோயிலுக்குப் போகவும்தான். சென்ற பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, என் இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர் கிளம்பினோம். காப்பார் சாலையில் ஒரு கடையில் தோசையும் தே தாரேயுமாகப் பசியாறிவிட்டு, கிள்ளான் வழியாகத் துறைமுகத்துக்குப் போனோம். கோலாலம்பூரிலிருந்து வருபவர்களுக்கு இன்னும் சுலபம். கொம்மியூட்டர் ரயிலில் ஏறி, கடைசி நிலையமான கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினால் படகுத்துறை நடக்கும் தூரம்தான்.

அந்தத் துறையில் நின்றபோது அப்பா சற்று நேரம் பேசவில்லை. இன்றைய கிள்ளான் துறைமுகம் 1901இல் திறக்கப்பட்டபோது அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1972இல்தான் பெயர் மாறியது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பினாங்கைத் தொட்டு, இங்கே நின்று, சிங்கப்பூருக்குப் போகும் ரஜுலா கப்பல். தோட்டத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938இல் தடை செய்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கப்பலில் வந்து இங்கே இறங்கியவர் எங்கள் பாட்டி.

“கப்பலை விட்டு இறங்கி லாரியில ஏத்துனாங்களாம். அப்புறம் ஆத்தா கடலையே பாக்கல,” என்றார் அப்பா.

படகு நீண்டு ஒடுங்கிய பேருந்து மாதிரி. உள்ளே குளிர்சாதனம் நடுங்க வைக்கும்; பிள்ளைகளுக்கு மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரப் பயணம். முதலில் மலைமலையாகப் பெட்டி அடுக்கிய கப்பல்களும் பாரந்தூக்கிகளும். பிறகு இருபுறமும் கண்டல் காடு. மலாய்க்காரர்கள் பாக்காவ் என்பார்களே, அந்த மரங்கள், நீருக்கு மேல் வேரூன்றி நிற்கும். திறந்த கடலுக்கு வந்ததும் மகன் கத்தினான், “தாத்தா, நம்ம காப்பார்!” தூரத்தில் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. அந்த நிலையத்தைத் தினமும் தரையிலிருந்து பார்க்கிறோம். கடலிலிருந்து பார்த்தபோது நம் ஊரும் ஒரு கடற்கரை ஊர்தான் என்பது புரிந்தது.

கெத்தாமில் தரையே இல்லை என்று சொல்லலாம். கண்டல் சேற்றில் தூண்களை ஊன்றி, அவற்றின் மேல் வீடு, கடை, பள்ளிக்கூடம், சீனக் கோயில் என எல்லாவற்றையும் கட்டியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நண்டும் மீனும் பிடிக்க வந்து தங்கிய ஹொக்கியன், தியோச்சு சீனர்களின் வாரிசுகள்தான் இன்றும் பெரும்பான்மை. முன்பு பலகைப் பாலமாக இருந்த பாதைகள் பெரும்பாலும் சிமெண்டாகிவிட்டன. கார் கிடையாது. எல்லாரும் சைக்கிளிலும் மின்சார சைக்கிளிலும்தான். வாடகைக்கும் கிடைக்கும். பாதை குறுகல், பல இடங்களில் கைப்பிடி இல்லை. சின்னப் பிள்ளைகளைத் தனியே ஓட்ட விடாதீர்கள். அம்மா ஏறவே மாட்டேன் என்று நடந்தே வந்தார்.

கடல் வற்றும் நேரத்தில் வீடுகளின் அடியில் வெறும் சேறு. அதில் சேற்றுமீன்கள் துள்ளும், குட்டி நண்டுகள் ஓடும். கூடவே பிளாஸ்டிக் பைகளும் போத்தல்களும் கிடக்கும். அது ஊர்க்காரர்கள் போட்டது மட்டுமல்ல. அலை எங்கெங்கோ இருந்து கொண்டுவருவதும், நம்மைப் போல் வந்து போகிறவர்கள் விடுவதும்தான். சேற்று நண்டு வளர்வது இந்தக் கண்டல் வேர்களுக்கு இடையில். முட்டை விடும் காலத்தில் பெண் நண்டு கடலுக்குப் போகும். பிறந்த குஞ்சுகள் வளர மறுபடி இந்தக் காட்டுக்கே வர வேண்டும். காடு போனால் நண்டும் போய்விடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் படகுத்துறைக்குப் பக்கத்திலுள்ள ஒரு கடைக்குப் போனோம். ஆவியில் வேகவைத்த மீன், சிப்பி போட்ட முட்டைப் பொரியல், ‘காம் ஹியோங்’ நண்டு. காய்ந்த இறால், சில்லிப் பாடி, மசாலைத் தூள் எல்லாம் போட்டுப் பிரட்டிய நண்டின் மேல் மொறுமொறுவென்று பொரிந்த கறிவேப்பிலை! அம்மா ஓர் இலையை எடுத்து முகர்ந்து பார்த்து, “நம்ம வீட்டு வாசம்தான்” என்றார். தோட்டத்து வீட்டுக் கொல்லையிலிருந்த கறிவேப்பிலை சீனர் சட்டிக்குள் எப்போது போனதோ, மலேசியச் சமையலில் அது இப்போது அவர்களுடையதும்கூட. நண்டை எடை போட்டுத்தான் விற்பார்கள்; விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள். சைவக்காரர்களுக்குச் சோறும் கீரையும் கிடைக்கும், ஆனால் சட்டி ஒன்றுதான்.

கடைக்கார அம்மாளுக்கும் அப்பாவின் வயதுதான் இருக்கும். இருவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள். அவர் பிள்ளைகளில் ஒருவர் கிள்ளானில், மற்றவர்கள் கோலாலம்பூரில். சீனப் புத்தாண்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார்களாம். படகு ஓட்ட யாரும் இல்லை. “நீங்கள் எந்த ஊர்?” என்று கேட்டார். அப்பா தோட்டத்தின் பெயரைச் சொன்னார்.

“அந்தத் தோட்டம் இன்னும் இருக்கிறதா?”

“இல்லை. வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. கோயில் மட்டும் இருக்கிறது. திருவிழாவுக்கு எல்லாரும் வருவோம்.”

அந்த அம்மாள் தலையாட்டினார். எழுந்து போய் ஒரு தட்டில் நறுக்கிய கொய்யாப்பழம் கொண்டுவந்து வைத்தார். பில்லில் அது இல்லை.

திரும்பும் படகில் அப்பா உள்ளே உட்காரவில்லை. வெளியே நின்று துறைமுகம் நெருங்குவதையே பார்த்தார். “ஆத்தா வந்த பக்கம் இதான்மா. எப்படி இருந்திருக்கும்னு இன்னிக்குத்தான் கொஞ்சம் தெரியுது,” என்றார். பிள்ளைகள் ரஜுலாவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டில் எத்தனையோ முறை சொல்ல முயன்று, அவர்கள் காதில் விழாத கதை அது.

உங்கள் வீட்டிலும் அப்படிச் சொல்லாத கதையோடு ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கலாம். அவர்களையும் அழைத்துப் போங்கள். காலைப் படகைப் பிடியுங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று தீவில் இறங்கியதுமே கேட்டு வையுங்கள். தொப்பி, தண்ணீர், சில்லறைப் பணம் போதும். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கை மறக்காமல் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.