படையில் இருந்துகொண்டே மருத்துவக் கல்லூரிக்கு

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையிலிருந்து கனடாவுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் மருத்துவராவதற்கு, அதிகம் பேசப்படாத ஒரு வழி உண்டு: கனடியப் படையில் சேர்ந்து, சேவையில் இருந்துகொண்டே மருத்துவக் கல்லூரிக்கு ஆயத்தமாவது. 2022இன் பிற்பகுதியிலிருந்து நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களும் படைக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஆனபின், குடியுரிமைக்குக் காத்திருப்பவர்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது.

பல வீடுகளில் பேச்செடுத்த உடனேயே இது அடிபட்டுப் போகிறது. 1990இல் போரால் தெல்லிப்பழை இடம்பெயர்ந்தது. ஊரின் யூனியன் கல்லூரியும் மகாஜனாக் கல்லூரியும் சொந்தக் கட்டடங்களை விட்டு வேறிடங்களில் இயங்கின; இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட காணிகளைப் பலர் இருபது ஆண்டுக்கு மேலாகக் கண்ணால் காணவில்லை. அந்தத் தலைமுறைக்கு ஆமி என்றால் வீட்டை விட்டுத் துரத்தியவர்கள். ஸ்காபரோவில் வளர்ந்த மகள் பச்சைச் சீருடையோடு படியேறி வந்தால் தாய்க்கு நெஞ்சு பதறும். அதை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் முன்னர், எந்த நாட்டின் படை, என்ன வேலை, எத்தனை ஆண்டு என்பதைப் பெற்றோருடன் ஆறுதலாக இருந்து பேசுவதும் ஆயத்தத்தின் ஒரு பகுதிதான்.

அடுத்த சிக்கல், ஊரிலிருந்து கொண்டுவந்த கணக்கு. இலங்கையில் உயர்தரத்தில் உயிரியல் படித்து, ஒரு பரீட்சையின் இசட் புள்ளியோடும் மாவட்ட ஒதுக்கீட்டோடும் மருத்துவபீடம் தீர்மானமாகிவிடும். அங்கே படைவழி மருத்துவமும் அப்படியே. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் உயர்தரம் முடித்தவர்களைப் பயிலிளவல்களாக எடுத்து மருத்துவம் படிப்பிக்கிறது. புனேயிலுள்ள இந்திய ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியும் பள்ளிப்படிப்பு முடித்தவர்களையே சேர்க்கிறது. கனடாவில், கியூபெக்கை விட்டுப் பார்த்தால், பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் படித்த பிறகே பொதுவாக விண்ணப்பிக்க முடியும். பல கல்லூரிகளில் அந்த ஆண்டுகளின் பாடப் பெறுபேறுகள் சராசரிக்குள் வந்து விழும். முதலாம் ஆண்டில் கோட்டை விட்ட வேதியியலைக் கடைசி ஆண்டில் ஈடுகட்டுவது கடினம். முன்கூட்டியே தொடங்கவேண்டும் என்பதன் காரணம் இதுதான்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே சேர விரும்புவோருக்குப் பகுதிநேரப் படை பொருத்தமானது. வழக்கமாக வாரத்தில் ஒரு மாலையும் மாதத்தில் ஒரு வார இறுதியும் பயிற்சிக்குப் போகும். நீண்ட பயிற்சிகள் பெரும்பாலும் கோடை விடுமுறையில் வரும். முழுநேரப் படையினரின் நிலை வேறு. முகாமில் இருந்தபடி மாலையில் ஒன்றிரண்டு பாடங்களைத் தொலைக்கல்வியாகப் படிக்கலாம். ஆனால் சில மருத்துவக் கல்லூரிகள் முழுப் பாடச்சுமையோடு படித்த ஆண்டுகளையே சராசரிக்கு எடுக்கின்றன. இதை அறியாமல் பகுதிநேரமாகப் பட்டத்தை முடித்தவர், நல்ல புள்ளிகள் இருந்தும் அந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க முடியாமற் போகலாம். எந்தக் கல்லூரி எதைக் கணக்கெடுக்கிறது என்பதைப் பாடம் பதியும் முன்னரே பார்த்துவிட வேண்டும்.

மருத்துவக் கல்லூரி நுழைவுக்கான எம்காட் பரீட்சை, மண்டபத்தில் ஏறக்குறைய ஏழரை மணி நேரம் எடுக்கும். நான்கு பகுதிகள், மொத்தப் புள்ளி 472இலிருந்து 528 வரை. ஒட்டாவாப் பல்கலைக்கழகம் இதைக் கேட்பதில்லை. மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் வாசித்து விளங்கும் பகுதியின் புள்ளியை மட்டும் பார்க்கிறது. பரீட்சை ஜனவரியிலிருந்து செப்டெம்பர் வரைதான் நடக்கும். களப்பயிற்சிகளும் கோடைகாலத்திலேயே வந்து குவியும். பெட்டவாவா முகாமில் இருப்பவர் ஒட்டாவாவில் பரீட்சை எழுதுவதென்றால் ஒருவழிக்கு நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டும். அதனால் பயிற்சி அட்டவணை கையில் கிடைத்ததும் திகதியைப் பதிவதும், விடுமுறைக் கோரிக்கையை எழுத்தில் கொடுப்பதும் நல்லது.

பலர் கவனிக்காமல் விடுவது சான்று. ஒன்ராறியோ விண்ணப்பத்தில் வேலை, தொண்டு, விளையாட்டு என்று எழுதும் ஒவ்வொன்றுக்கும் அதை உறுதிசெய்யக்கூடிய ஒருவரின் பெயரும் தொடர்பும் வேண்டும். படையில் மேலதிகாரிகள் இடம்மாறிக்கொண்டே இருப்பார்கள். இன்று போர்டன் முகாமில் மருத்துவப் பயிற்சி கொடுத்த சார்ஜன்ட் இரண்டு ஆண்டில் எட்மன்டனில் இருப்பார், அல்லது ஓய்வுபெற்றிருப்பார். ஒரு கொப்பியில் திகதி, மணித்தியாலம், செய்த வேலை, பொறுப்பாளரின் தனிப்பட்ட மின்னஞ்சல் என்று அன்றன்றே எழுதி வைப்பவருக்கு விண்ணப்ப மாதத்தில் அலைச்சல் இல்லை. படை மருத்துவ உதவியாளராக இருந்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் நோயாளிகளின் பெயரோ அடையாளமோ அந்தக் கொப்பியில் வரக்கூடாது.

செலவு விடயத்தில் படை தாராளமானது. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களைச் சேர்த்துக்கொண்டு கல்விக்கட்டணமும் சம்பளமும் கொடுக்கும் திட்டம் உண்டு. ஏற்கெனவே சேவையில் உள்ளவர்களில் சிலரைத் தெரிவுசெய்து படிக்க அனுப்பும் திட்டமும் உண்டு. கடனில்லாமல் படித்து முடிப்பது ஒரு புலம்பெயர் குடும்பத்துக்குச் சின்ன விடயமல்ல. பதிலுக்குப் படித்தபின் பல ஆண்டுகள் கட்டாயச் சேவை செய்யவேண்டும். பெரும்பாலானோர் குடும்ப மருத்துவத்தில் இரண்டு ஆண்டுப் பயிற்சி முடித்துப் படை மருத்துவராவர். எந்த முகாம் என்பதைப் படையே தீர்மானிக்கும். மார்க்கம் நகரில் வீடு வாங்கி அம்மா அப்பாவோடு இருக்கலாம் என்ற திட்டம் அதற்குள் அடங்காமற் போகலாம். வெளிநாட்டுப் பணியும் வரலாம். 2006இலிருந்து 2009 வரை ஆப்கானிஸ்தானில் கந்தகார் கள வைத்தியசாலையைக் கனடியப் படையே தலைமைதாங்கி நடத்தியது. காயப்பட்ட கூட்டணிப் படையினரோடு ஆப்கான் பொதுமக்களுக்கும் அங்கே சிகிச்சை கொடுக்கப்பட்டது.